நல்ல பாம்புக்கு உரிமம் உண்டா? பாம்பு வளர்ப்பதும் காட்சிக்கு வைப்பதும் பற்றிச் சட்டம் சொல்வது என்ன

ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்காரர் பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டுகிறார். வனத்துறை அலுவலர் அதைச் சரிபார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த தெருவில் ஓர் இளைஞர், கொல்லையில் வந்த சாரைப்பாம்பைப் பிடித்து, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டிரம்மில் நான்கு நாட்களாக வைத்திருக்கிறார். தவளையும் போடுகிறார், தண்ணீரும் வைக்கிறார். அவர்மீது வழக்குப் பதிவாகிறது.

இப்படி ஒரு நிலைமை இன்று எந்த ஊரிலும் வரலாம். கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். கடல் கடந்து வந்த பாம்பை வைத்துக்கொள்ளலாம், நம் வயலில் எலி தின்று வளர்ந்த பாம்பை வைத்துக்கொள்ளக் கூடாதா? சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபடும் செய்திகளும் சேர்ந்துகொள்ள, குழப்பம் இன்னும் கூடுகிறது. வெளிநாட்டுப் பாம்புக்கு அனுமதி உண்டென்றால் அவர்களை ஏன் பிடிக்கிறார்கள்?

பாம்பு பிடிக்க "லைசென்ஸ்" இருக்கிறது, பாம்பு வளர்க்க "லைசென்ஸ்" வாங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். குழப்பத்தின் வேர் அதுதான். சட்டத்தில் இவை வேறு வேறு காகிதங்கள்.

நான்கு காகிதங்கள்

1. அனுமதி: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, காட்டுயிரைப் பிடிக்கவோ கையாளவோ எழுத்து வடிவில் தரப்படுவது. மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் இதை வழங்குகிறார்.

2. அங்கீகாரம்: பொதுமக்கள் பார்வைக்கு விலங்குகளை வைக்கும் இடத்துக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் தருவது. ஆளுக்கு அன்று, நிறுவனத்துக்கு.

3. பதிவு: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் (CITES) இடம்பெற்ற வெளிநாட்டு விலங்கை வைத்திருப்பவர், "என்னிடம் இது இருக்கிறது" என்று அரசிடம் தெரிவித்துப் பெறும் சான்றிதழ்.

4. உரிமைச் சான்றிதழ்: பழைய காலத்தில் சட்டப்படி கைக்கு வந்த காட்டுயிருக்கும் அதன் பாகங்களுக்கும் தரப்பட்டது. 2003-ஆம் ஆண்டு ஒருமுறை கணக்கு காட்ட 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

"எனக்கு ஆசையாக இருக்கிறது, ஒரு நல்ல பாம்பையோ சாரையையோ வீட்டில் வளர்க்கிறேன்" என்பவருக்கு இந்த நான்கில் ஒன்றும் பொருந்தாது. உள்நாட்டுப் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள இந்தியச் சட்டத்தில் உரிமம் என்ற ஒன்றே கிடையாது. கட்டணம் கட்டினாலும், தேர்வு எழுதினாலும், கூண்டு எவ்வளவு வசதியாக இருந்தாலும் கிடைக்காது.

பாம்பு யாருக்குச் சொந்தம்?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு அடித்தளம். இதில் நான்கு கருத்துகளைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. "வேட்டை" என்றால் கொல்வது மட்டும் என்று நினைக்கிறோம். சட்டத்தின் வரையறையில் பிடிப்பதும், பொறி வைப்பதும், துரத்துவதும், பிடிக்க முயல்வதும்கூட வேட்டைதான். ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் அதில் அடங்கும். பாம்பை நோகாமல் பிடித்துச் சாக்கில் போட்டாலும், வேட்டையைத் தடுக்கும் 9-ஆவது பிரிவுக்குள் வந்துவிடுகிறது.

2. எந்த விலங்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு என்பதை அட்டவணைகள் சொல்கின்றன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காயின. முதல் அட்டவணை மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் விலங்குகளுக்கு, இரண்டாவது மற்ற விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது பன்னாட்டு உடன்படிக்கைக்குட்பட்ட உயிரினங்களுக்கு.

3. இந்தத் திருத்தத்தில் பாம்புகளின் நிலை பெரிதும் மாறியது. மலைப்பாம்பு முன்பே முதல் அட்டவணையில் இருந்தது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை ஆகியவை இரண்டாம் அட்டவணையிலிருந்து அங்கே ஏறின. ஊர்ப்புறத்தில் தினமும் கண்ணில் படுகிற சாரைக்கும் காட்டில் வாழும் புலிக்கும் ஏட்டளவில் இன்று ஒரே தரப் பாதுகாப்பு. சாரை "சாதாரணப் பாம்பு" என்ற எண்ணத்தில் அதைப் பிடித்து விளையாடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

4. சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட, அல்லது அடைத்து வைக்கப்பட்ட காட்டுயிர் மாநில அரசின் சொத்து என்கிறது 39-ஆவது பிரிவு. அப்படி ஒன்று ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். இந்த 48 மணி நேரத்தைச் சிலர் "இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்று படித்துக்கொள்கிறார்கள். தகவல் தருவதற்கான கெடு அது. பாம்பை வைத்திருக்கத் தந்த அவகாசம் என்று அதற்குப் பொருள் கிடையாது.

தண்டனை அட்டவணையைப் பொறுத்தது. முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் ஒரு காட்டுயிரைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமாகாது என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் ஓடி ஒளியும் பாம்பைத் தேடிப் பிடித்து அடிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு நீளாது.

திறந்திருக்கும் வாசல்கள்

அப்படியானால் உள்நாட்டுப் பாம்பைச் சட்டப்படி யார்தான் தொட முடியும்? நான்கு வகையினர் இருக்கிறார்கள்.

*ஒன்று, நஞ்சு எடுப்பவர்கள்.* 12-ஆவது பிரிவு, உயிர் காக்கும் மருந்து தயாரிக்கப் பாம்பின் நஞ்சைச் சேகரிப்பதை ஒரு தனி நோக்கமாகவே எழுதிவைத்திருக்கிறது. இதற்கு நாட்டுக்கே முன்மாதிரி நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது: மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1970-களின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் பிழைப்பு நின்றது. அதே கைத்திறனைப் பாம்பைக் கொல்லாமல் பயன்படுத்தும் வழியாக இந்தச் சங்கம் உருவானது.

உரிமம் என்பது உண்மையில் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க விரும்புபவர் அந்தக் கூடத்துக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். மணல் பரப்பிய தரையில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயும் பருத்தித் துணியால் கட்டப்பட்டிருக்கும். உள்ளே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கில் ஒன்று. பிடித்து வந்த பாம்பு ஏறக்குறைய மூன்று வாரம் பானையில் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்கவைத்து நஞ்சு எடுப்பார்கள். காலம் முடிந்ததும் அதன் வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் மறையுமுன் அதே பாம்பு மறுபடி கிடைத்தால் எடுக்க மாட்டார்கள்.

ஓர் ஆண்டில் எந்த வகையில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதையும் அரசே வரையறுக்கிறது. எத்தனை பாம்பு, எத்தனை நாள், எதற்காக, திரும்ப எங்கே என்ற நான்கு கேள்விகளுக்கும் இந்த அனுமதியில் விடை இருக்கிறது. இந்த மரபறிவுக்காகத்தான் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

*இரண்டு, அங்கீகாரம் பெற்ற பூங்காக்கள்.* கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை இந்த வகை. காட்சியைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

*மூன்று, கல்வியும் ஆராய்ச்சியும்.* இதற்கும் 12-ஆவது பிரிவில் இடமுண்டு. ஆனால் முதல் அட்டவணை விலங்கென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் தாமாக அனுமதி தந்துவிட முடியாது. மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். மற்ற விலங்குகளுக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நல்ல பாம்பு முதல் அட்டவணைக்கு ஏறியதன் நடைமுறை விளைவு இதுதான்: முன்பு மாநிலத் தலைநகரோடு முடிந்த கோப்பு இப்போது தில்லிக்குப் போகிறது.

*நான்கு, மீட்பவர்கள்.* வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்து அகற்றும் தீயணைப்புத் துறையினர், வனத்துறையினர், வனத்துறையின் அனுமதியோடு இயங்கும் தன்னார்வலர்கள். கேரள வனத்துறை 2020 முதல் பயிற்சி கொடுத்துச் சான்றளித்த மீட்பாளர்களை மட்டும் அனுமதிக்கிறது. அவர்களை அழைக்க "சர்ப்பா" என்ற செயலியும் வைத்திருக்கிறது. அதே 2020-இல்தான் கொல்லம் மாவட்டத்தில், பாம்பு பிடிப்பவர் ஒருவரிடம் விலைக்கு வாங்கிய பாம்பைக் கொண்டு கணவன் தன் மனைவியைக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கியது. பிடித்த பாம்பு எங்கே போகிறது என்று யாரும் கேட்காமல் இருப்பதன் விலை அங்கே தெரிந்தது.

மீட்பவரின் அனுமதி ஒரே ஒரு பயணத்துக்கானது: வீட்டிலிருந்து அருகிலுள்ள பொருத்தமான இடத்துக்கு. நடுவில் அவர் வீட்டில் தங்க அந்தப் பாம்புக்கு இடமில்லை. நாள்தோறும் பாம்பு பிடித்து ஊருக்கு உண்மையாக உதவுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலர் பிடித்த பாம்பைக் "கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விடலாம்" என்று ஜாடியில் வைத்திருக்கும்போதுதான் வழக்கில் சிக்குகிறார்கள்.

காட்சி என்றால் என்ன?

பொதுமக்கள் பார்க்க விலங்குகளை அடைத்து வைக்கும் இடம் எதுவானாலும், நிலையானதோ ஊர் ஊராக நகர்வதோ, சட்டத்தின் கண்ணில் அது உயிரியல் பூங்கா. 38எச் பிரிவின்படி மத்திய ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. கண்காட்சித் திடலில் கூடாரம் போட்டு, டிக்கெட் கொடுத்து, மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துத் தருபவர் தம்மைப் பூங்கா நடத்துபவராக நினைக்காமல் இருக்கலாம். சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

அதிகம் கேட்கப்படும் மூன்று நிலைமைகளை மட்டும் பார்ப்போம்.

1. *பள்ளியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி.* நோக்கம் நல்லது. ஆனால் உயிருள்ள நல்ல பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருபவரிடம் பள்ளி நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நிகழ்ச்சிக்கு எழுத்து வடிவ அனுமதி உண்டா? "பல வருடமாகச் செய்கிறேன்" என்பது அனுமதி ஆகாது. படங்களையும் மாதிரிகளையும் வைத்து நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. குழந்தைகளைப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போகலாம். ஆண்டுதோறும் அப்படிப் போய்வரும் பள்ளிகள் ஏராளம்.

2. *திருவிழாவும் நாகபஞ்சமியும்.* நல்ல பாம்பின் பல்லைப் பிடுங்கி, சில நேரம் வாயையே தைத்து, பல நாள் பட்டினி போட்டு, தாகத்தில் தவிக்கும் அதன் முன் பால் வைப்பது வழிபாடு என்ற பெயரில் நடந்துவந்தது. பாம்புக்குப் பால் உணவு கிடையாது. வறண்டுபோன உடல் எந்தத் திரவத்தையும் குடிக்கும். மகாராஷ்டிரத்தின் ஷிராளாவில் நாகபஞ்சமிக்கு உயிருள்ள பாம்புகளைப் பிடித்து ஊர்வலம் விடும் வழக்கத்துக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-இல் தடை விதித்தது. 2025-இல் அதே ஊருக்கு, கல்விக்காக என்ற வரையறையோடு, சில நாட்களுக்கு மட்டும் நல்ல பாம்பு பிடிக்க மத்திய அரசு அனுமதி தந்தபோது "தடை நீங்கிவிட்டது" என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது 12-ஆவது பிரிவின் வாசல் வழியே வந்த ஒரு தனி அனுமதி. மற்ற ஊர்களுக்கு அது பொருந்தாது.

3. *வீடியோ.* வாலைப் பிடித்துத் தூக்குவது, படமெடுத்த பாம்புக்கு முத்தம் கொடுப்பது, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வது. இவற்றைப் பதிவேற்றுகிறவர் தாமே தமக்கெதிரான சான்றை உருவாக்கித் தருகிறார்: முகம், பாம்பு, நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. வனத்துறைகள் இதைப் பார்த்து நடவடிக்கை எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் வந்த பாம்பில் அதையே செய்து பார்க்கும் பையனை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. கண்ணாடி விரியனின் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளிப் பாம்பு என்றோ எண்ணிக் கையில் எடுத்து உயிர் விட்டவர்கள் உண்டு. விரியனின் முதுகில் சங்கிலி கோத்ததுபோல் ஒழுங்கான வரிசையில் வட்டங்கள் ஓடும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை. பகல் வெளிச்சத்தில், தூரத்திலிருந்து, பழகிய கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் அதை நம்பிக் கை நீட்டக் கூடாது.

வெளிநாட்டுப் பாம்புக்கு மட்டும் ஏன் வேறு விதி?

1972-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் காட்டுயிர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டு இனங்கள் நீண்ட காலம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. விமானத்தில் கடத்தி வந்துவிட்டால், நாட்டுக்குள் அவற்றை வைத்திருப்பவரைக் கேட்க ஆளில்லை. 2020-இல் மத்திய அரசு ஒரு தன்விருப்ப அறிவிப்புத் திட்டம் கொண்டுவந்தது: ஆறு மாதத்துக்குள் தெரிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. பிறகு 2022 திருத்தம், நான்காம் அட்டவணையையும் 49எம் பிரிவையும் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் அதற்கான பதிவு விதிகள் வந்தன.

அதன்படி, நான்காம் அட்டவணை விலங்கை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்டோடு முடிந்தது. புதிதாகப் பெறுபவருக்குக் கெடு 30 நாள். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்பவருக்கு 2023-ஆம் ஆண்டின் தனி உரிம விதிகள் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பதிவு என்பது கடத்தலைக் கழுவித் துடைக்கும் தண்ணீர் ஆகாது. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட பாம்பு, சுங்கச் சட்டத்தையும் இறக்குமதி விதிகளையும் மீறியே உள்ளே வருகிறது. விமான நிலையத்தில் பிடிபடுபவர்கள் அந்தக் கட்டத்திலேயே சிக்குகிறார்கள்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு CITES உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் உள்ளது, பதிவு செய்யலாம். நம் மலைப்பாம்பு அதே உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இருந்தாலும் நம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தக் கடுமையான விதியே செல்லும். இரண்டையும் "பைத்தான்" என்று சொல்லி விற்கும் இடைத்தரகரை நம்பி வாங்குபவர் கையில், தவறான பாம்புக்குச் சரியான சான்றிதழ் இருக்கும்.

மண்ணுளிப் பாம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இருதலைப் பாம்பு" வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற கதையைப் பரப்பி, எடை பார்த்து லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல்கள் இன்னும் இயங்குகின்றன. அதற்கு இரண்டு தலை இல்லை; மழுங்கிய வால் தலைபோல் தோன்றுகிறது. அதை வாங்குபவருக்கு ஏமாந்த பணத்தோடு வழக்கும் சேர்ந்து வரும்.

ஆஸ்திரேலியாவில் தலைகீழ்

உள்நாட்டுப் பாம்பை உரிமத்தோடு வளர்க்கலாம் என்று இணையத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் படிப்பது ஆஸ்திரேலிய விதிகளை. அங்கே நிலைமை நமக்கு நேர் எதிர். வெளிநாட்டுப் பாம்பு தப்பித்துப் பெருகினால் நாட்டின் உயிர்ச்சூழலே கெடும் என்பதால் அதைத் தனியார் வைத்திருக்கத் தடை. உள்நாட்டுப் பாம்புகளில் பலவற்றை மாநில அரசின் உரிமத்தோடு வளர்க்கலாம். கையாளக் கடினமான, நஞ்சுள்ள இனங்களுக்கு மேல்நிலை உரிமமும் அனுபவமும் வேண்டும். விக்டோரியா மாநிலத்தில் வீட்டில் வளர்ப்பவருக்கு ஓர் உரிமம், பொதுமக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டி விளக்குபவருக்கு வேறோர் உரிமம்.

அந்த ஏற்பாடு எதன்மேல் நிற்கிறது என்பதே முக்கியம். காட்டிலிருந்து பிடித்தது கூடாது. உரிமம் பெற்றவரிடம் கூண்டில் பிறந்ததாக இருக்க வேண்டும். எங்கே வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று ஏடு எழுத வேண்டும்.

நம் நாட்டில் அப்படிக் கூண்டில் பிறந்து வளர்ந்த உள்நாட்டுப் பாம்புகளின் வழித்தொடர் இல்லை. நாளையே உரிமம் தருகிறோம் என்று அறிவித்தால், அந்தக் கணத்தில் கேட்பு முழுவதும் வயலையும் புற்றையும் நோக்கித் திரும்பும். ஜாடியில் இருக்கும் சாரை கூண்டில் பிறந்ததா, கரும்புக் கொல்லையில் பிடித்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த அலுவலராலும் முடியாது. சட்டம் இந்த வாசலை மூடியே வைத்திருப்பது சரி என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வெளிநாட்டுப் பாம்புக்கான பதிவில் இருக்கும் தளர்வுதான் இறுக வேண்டிய இடம்.

இப்போதே கையில் பாம்பு இருந்தால்

1. உள்நாட்டுப் பாம்பு என்றால் மாவட்ட வன அலுவலகத்துக்கோ வனச்சரகருக்கோ உடனே தகவல் கொடுங்கள். எங்கே, எப்போது பிடிபட்டது என்பதை எழுதி வையுங்கள். திரும்ப விடும் இடத்தை முடிவு செய்ய அது தேவைப்படும்.

2. நீங்களே கொண்டுபோய்த் தொலைவில் உள்ள காட்டில் விடாதீர்கள். பழகாத இடத்தில் ஒளிய இடமும் இரையும் தெரியாமல் பாம்பு அலையும். அதில் பல பிழைப்பதில்லை.

3. வெளிநாட்டுப் பாம்பு என்றால் அதை ஒருபோதும் வெளியே விடக் கூடாது. வாங்கிய ரசீதையும் விற்றவரின் பதிவு விவரத்தையும் எடுத்துக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போங்கள்.

4. பாம்பு வீட்டுக்குள் இப்போதுதான் நுழைந்தது என்றால், தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். அவர்கள் வரும்வரை குழந்தைகளையும் நாயையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, தூரத்தில் நின்று அது எந்த மூலைக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.